அரச ஆணையும் விசுவாசமும்: ஐபீரிய மிஷன் ஆலயங்கள்

ஸ்பானிய மன்னர்கள் அமெரிக்கக் கண்டங்களில் எழுப்பிய மிஷன் ஆலயங்களில் சமயப்பணியும் அரச நிர்வாகமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. ஆலயம் அமைக்கவும் ஆயர்களை முன்மொழியவும் பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் 1508இல் ஸ்பானிய முடிக்கு உரிமை வழங்கினார். கலிபோர்னியாவில் 1769 முதல் 1823 வரை இத்தகைய 21 மிஷன்கள் நிறுவப்பட்டன. அங்கே திருமுழுக்குப் பெற்ற பழங்குடியினர் தம் விருப்பப்படி வெளியேற முடியவில்லை. தப்பி ஓடியோரைப் படைவீரர் பிடித்து வந்தனர்.

கட்டாயத்தால் விசுவாசம் பிறக்குமா என்ற கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்களுள் ஸ்பானியத் துறவிகளும் இருந்தனர். 1550–51இல் வயாதோலித் நகரில் நடந்த விவாதத்தில், மதம் பரப்புவதற்கு முன் போரால் அடக்குவது நியாயம் என்றார் அறிஞர் செபுல்வேதா. அறிவை இணங்கவைக்கும் மென்மையான வழியே ஏற்றது என்றார் துறவி லாஸ் காசாஸ். விவாதம் முடிவின்றிக் கலைந்தது, மிஷன்கள் தொடர்ந்தன.

1580 முதல் 1640 வரை போர்த்துக்கலையும் ஸ்பானிய மன்னர்களே ஆண்டனர். எனவே இலங்கையில் போர்த்துக்கேயர் செய்தவற்றுள் பெரும்பகுதி ஸ்பானிய முடியின் கீழ் நடந்ததே. 1619இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தது. நல்லூர்க் கோயிலும் திருக்கோணேஸ்வரமும் இடிக்கப்பட்டன. கோணேஸ்வரத்தின் கற்கள் திருகோணமலைக் கோட்டைக்குப் போயின. குடாநாட்டில் பங்குதோறும் ஆலயங்கள் எழுந்தன.

கிழக்குக் கரையின் கதை வேறு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடமளித்தான். ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸ் எழுதுகிறார். நிந்தவூர் உள்ளிட்ட கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாற்றைப் பேசுவோர் இந்நிகழ்வைத் தவறாமல் குறிப்பிடுவர். ஆனால் இக்கரையில் முஸ்லிம்கள் அதற்கு முன்பும் வாழ்ந்தனர். 1626ஐ இவ்வூர்களின் பிறப்பாண்டாகக் கொள்வது பொருந்தாது. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பத்தாண்டுக்குள் இங்கே யாழ்ப்பாணத்தைப் போன்ற ஆலய வரிசை உருவாக வாய்ப்பிருக்கவில்லை.

1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டனர். ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. பதவிக்கும் தோம்பு எனப்பட்ட பதிவேட்டில் இடம்பெறவும் புரட்டஸ்தாந்துத் திருமுழுக்கு தேவைப்பட்டதால், பெயரளவில் அதைப் பெற்றோர் பெருகினர். கட்டாயத்தின் வலிமையை அளக்க இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி அகன்றதும் அந்தச் சபையின் பெருங்கூட்டம் கரைந்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் பெரும்பாலும் பழைய வழிபாட்டுக்கே திரும்பின.

மறுபுறம், அரசன் துணை இழந்த கத்தோலிக்கம் பிழைத்தது. 1687இல் கோவாவிலிருந்து கூலியாளின் வேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகள், வீடுவீடாக மறைந்து சென்று மக்களைச் சந்தித்தார். கண்டியில் 1711இல் இறந்தார். இவருக்கு அடைக்கலம் கொடுத்ததும் முஸ்லிம்களுக்கு இடமளித்த அதே கண்டி அரசு என்பது கவனிக்கத்தக்கது.

கத்தோலிக்கம் இவ்வாறு பிழைத்ததைக்கொண்டு போர்த்துக்கேயரின் வன்முறை பலன் தந்தது என வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் நிற்காது. வன்முறைதான் விசுவாசத்தை வேரூன்றச் செய்தது என்றால், ஒல்லாந்தரின் கட்டாயமும் அதே பலனைத் தந்திருக்க வேண்டும். கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கில அரசு 1806இல் நீக்கியபோது, அவர்கள் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அரச ஆதரவே இல்லாமல் தம் சமயத்தைக் காத்திருந்தனர்.