வாங்கும் நன்மையும் செய்யும் நன்மையும்

தாசேக் கெலுகோருக்குத் தெற்கேயுள்ள புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தில், சூலைத் திங்கள் திருவிழாவின்போது தமிழிலும் திருப்பலி நிகழும். அப்பலியில் வழங்கப்பெறும் அப்பத்தைக் கத்தோலிக்கத் தமிழர் கிறித்துவின் உடலென நம்பி ஏற்பர். அதற்கு வழங்கும் பெயர்கள் ஆராயத்தக்கவை.

கிரேக்கப் பெயர் நன்றி கூறலைக் குறிக்கும். இலத்தீன் பெயர் பங்குகொண்டு ஒன்றுதலைச் சுட்டும். தமிழர் கூறும் 'நற்கருணை' என்னும் பெயரோ இறைவனின் அருளை முன்னிறுத்துகிறது. பேச்சு வழக்கில் அது 'நன்மை' எனப்படும். முதன்முறை பெறுவது 'புதுநன்மை'. பெறுதல் 'நன்மை வாங்குதல்'.

வாங்குவதோடு நன்மை முடிந்துவிடுமா? கொரிந்து நகர்ச் சபையில், ஏழையர் பசித்திருக்க ஏனையோர் முந்தி உண்டனர். அவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்து ஆகாது எனப் பவுல் கடிந்தார். பங்கிடாத இடத்தில் ஒன்றுதல் ஏது? ஒன்றாத இடத்தில் நன்றி ஏது?

தமிழில் நன்மை என்பது பெறும் பேறு மட்டுமன்று. பிறர்க்குச் செய்யும் செயலும் அதுவே. பீடத்தின்முன் நன்மை வாங்கியவர், வாயிலில் பசித்து நிற்பவரைக் கடந்து செல்வாராயின், அவர் வாங்கியதன் பெயரையே அறியாதவர் ஆவார். அப்பெயரின் பொருளை நிறைவு செய்வது அவர்தம் ஒழுக்கமே அன்றோ?