மேல் தட்டில் எது, கீழ்த் தட்டில் எது?

முறுக்கு டப்பா கண்ணுக்கு நேரே, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. கொய்யாப்பழமோ ஃபிரிட்ஜின் அடித்தட்டில், கீரைக்கட்டுக்குப் பின்னால் வாடிக் கிடக்கிறது. ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பசியோடு சமையலறைக்குள் நுழைபவர் எதை எடுப்பார் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. டப்பாவைப் பரணில் ஏற்றி, கழுவிய பழத்தை மேடையில் வைத்தால் அவர் பழத்தை எடுக்கக்கூடும். அப்படி எடுத்தால் அது யாருடைய நல்ல குணம்? அவருடையதா, அலமாரியுடையதா?

கேலியாகத் தோன்றும் இந்தக் கேள்வி மிகப் பழையது. ஆசை எழுந்தும் அடக்கிக்கொள்பவர் ஒரு வகை, தகாத ஆசையே எழாத அளவுக்குப் பழகிப்போனவர் இன்னொரு வகை என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். இரண்டாமவருக்கே உயர்ந்த இடம் கொடுத்தார். முறுக்கைப் பரணில் ஏற்றியவர் இந்த இரண்டிலும் சேரமாட்டார். அவர் நம்பியது தன்னையல்ல, பரணின் உயரத்தை. இதில் ஒழுக்கம் எங்கே இருக்கிறது, வெறும் தந்திரம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

புலனடக்கத்தைப் பற்றி ஓயாமல் பேசிய பௌத்தம், உணவு விஷயத்தில் மன உறுதியை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. பாலி மொழியில் உள்ள வினய விதிகளின்படி பிக்குகள் நண்பகலுக்குப் பின் உணவு உண்ணக்கூடாது. ஏற்ற உணவை மறுநாளைக்கென்று எடுத்துவைத்துச் சாப்பிடவும் கூடாது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் என்ற ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றையும் மருந்தாகத்தான் வைத்திருக்கலாம், அதுவும் ஏழு நாள் வரை. விதி எளிமையானது: சரக்கறையே இல்லாத இடத்தில் சரக்கறையைப் பார்த்து நாவூற வழியில்லை.

சீனத்து மடங்களில் இது மாறியது. அங்கே துறவிகள் ஒரே இடத்தில் கூட்டமாக வாழ்ந்தார்கள், மடத்துக்குள்ளேயே சமைத்தார்கள். அரிசி மூட்டையும் காய்கறியும் வந்து இறங்கின. இனி அவற்றை யார், எப்படி வைத்துக்கொள்வது என்பதே கேள்வி ஆனது. இதற்கு விரிவான பதில் எழுதியவர் டோகென் என்ற ஜப்பானியத் துறவி.

1223இல் சீனம் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கு அறுபத்தொரு வயதுத் துறவி ஒருவர் காளான் வாங்க வந்தார். அவர் ஒரு மடத்தின் தலைமைச் சமையல் பொறுப்பாளர். ‘தென்ஸோ’ என்பது அந்தப் பதவியின் ஜப்பானியப் பெயர். இந்த வயதில் தியானத்தில் உட்காராமல் சமையல் வேலை எதற்கு என்று டோகென் கேட்டார். பெரியவர் சிரித்தார், சாதனை என்றால் என்னவென்றே இந்த வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்றார். அந்தச் சிரிப்பு டோகெனை விடவில்லை. 1237இல் ‘தென்ஸோ கியோகுன்’ என்ற பெயரில் மடத்துச் சமையல் பொறுப்பாளருக்கான அறிவுரைகளை எழுதினார்.

தத்துவ நூலை எதிர்பார்த்துத் திறப்பவருக்கு அதில் சட்டி பானைகள் தென்படும். உயரத்தில் இருக்க வேண்டிய பாத்திரம் உயரத்தில், தாழ இருக்க வேண்டியது தாழ. அரிசி களையும்போது கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு மணிகூடக் கழுவிய நீரோடு போய்விடக்கூடாது. மதிய உணவு முடிந்த கையோடு மறுநாளைக்கு வேண்டியதைச் சேகரிக்கத் தொடங்க வேண்டும்.

வெறும் தந்திரம்தானே என்ற ஆட்சேபத்துக்குப் பதில் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. மறுநாள் உணவைத் திட்டமிடும் வேளையில் வயிறு நிறைந்திருக்கிறது, மனம் பதற்றமில்லாமல் இருக்கிறது. அப்போது எடுக்கும் முடிவும் அதே மனிதருடைய முடிவுதான். பசிக்கு முன்பே எடுத்துவிட்டார், அவ்வளவே. ராத்திரி கொண்டைக்கடலையை ஊறப்போடுகிற எந்தச் சமையலறையிலும் நடப்பது இதுதான். காலையில் வடை வாங்க ஆள் அனுப்பத் தோன்றும்போது கடலை ஊறித் தயாராக இருக்கிறது. பழக்கத்தால்தான் நற்குணம் வரும் என்று சொன்னவரும் அதே அரிஸ்டாட்டில் என்பதால், பரணில் ஏறும் டப்பாவை அவர் முழுக்க ஒதுக்கிவிடவும் முடியாது.

இடமாற்றம் உண்மையில் வேலை செய்கிறதா? பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை உணவகத்தில் உணவுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இட்டார்கள். பிறகு, தண்ணீர் பாட்டில்களைக் கண்ணில் படும் இடங்களில் வைத்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, இரண்டாவது கட்டத்தில் தண்ணீர் விற்பனை 25.8 சதவீதம் உயர்ந்தது. சிவப்பு அடையாளமிட்ட பானங்களின் விற்பனை மேலும் 11.4 சதவீதம் குறைந்தது.

ஆனால் இந்தத் துறையில் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. தட்டு, கிண்ணம், பரிமாறும் அளவு பற்றிய ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்ற கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க் ஆய்வு முறைகேடு செய்தார் என்று 2018இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வமைப்பின் 2019ஆம் ஆண்டு மதிப்பீடு அடக்கமாகவே பேசுகிறது: உணவைத் தள்ளி வைத்தால் உண்ணும் அளவு குறையக்கூடும், ஆனால் சான்றுகள் வலுவானவை அல்ல.

ஆகவே அலமாரி அற்புதம் எதுவும் செய்துவிடாது. வீட்டில் இரண்டு மரபும் சேர்ந்தால் கொஞ்சம் பலன் உண்டு. கடையில் எதை வாங்காமல் வருவது என்பது வினயத்தின் வழி. வாங்கி வந்ததில் எது கண்முன் இருக்க வேண்டும் என்பது தென்ஸோவின் வழி. வறுவல் பாக்கெட்டைக் கடையிலேயே விட்டுவந்தால் அதற்குப் பரண் தேட வேண்டாம். கேழ்வரகு மாவும் பயறும் முன்வரிசையில் இருந்தால் மாலையில் அவற்றின் நினைவு வரும்.

மடத்தில் இல்லாத ஒரு சிக்கல் வீட்டில் உண்டு. தென்ஸோ பதவி மதிப்புக்குரியது, உதவிக்கு ஆட்கள் உண்டு. உணவு தயாரானதும் அவர் மேலாடை போர்த்தி, ஊதுவத்தி ஏற்றி, துறவிகள் கூடத்தை நோக்கி ஒன்பது முறை வணங்கிய பிறகே அதை அனுப்புவார். பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அவர் ஒளித்து வைப்பார், மற்றவர்கள் தேடுவார்கள். சர்க்கரை நோயுள்ள மாமனாரின் கண்ணில் படாமல் மருமகள் வெல்ல டப்பாவை மாற்றி வைத்தால், அவர் தெருமுனைக் கடையில் இனிப்பு டீ குடித்துவிட்டு வருவார். “இதை மேலே வைத்துவிடும்மா” என்று அவரே சொன்னால், டப்பா போய்ச் சேருவது அதே பரணுக்குத்தான். ஆனால் இந்த முறை அதை ஏற்றி வைத்தது அவருடைய முடிவு.