ஓய்வுநாள் பட்டியலில் இல்லாதவள்

விசுவாசத்தை அன்றாட வாழ்வின் மையத்தில் வையுங்கள் என்பது தவக்காலத் தியானங்களில் பெண்களுக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை. அதற்கு ஒரு வழியும் சொல்லித் தருவார்கள்: வீட்டில் எல்லாரும் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து செபியுங்கள். எல்லாரும் எழுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நாங்கள் எழுந்துவிடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

நான் பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதைப் பொறுத்து என் காலை தொடங்கும்; பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்பதைப் பொறுத்து மாலை முடியும். நடுவில் வகுப்பு, விடைத்தாள், பிள்ளைகள், மாமியாரின் சர்க்கரை மாத்திரை. விசுவாசத்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அது எனக்கு வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

விடியலில் எழ முடியாதவர்களுக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: வேலையையே செபமாக்கிக்கொள்ளுங்கள். இதற்கு உதாரணமாகச் சகோதரர் லாரன்ஸைச் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையல் வேலை பார்த்தவர். அடுப்படியில் நின்றபடியே கடவுளின் சந்நிதியில் இருக்கலாம் என்று கண்டவர். அவர் கண்டது உண்மை. மீன் ஆயும்போது எனக்கும் அப்படிச் சில நிமிடங்கள் வாய்த்ததுண்டு. ஆனால் அவர் இருந்தது மடம். அங்கே மணி அடித்தால் மொத்த வீடும் வேலையை நிறுத்திவிட்டுச் செபத்துக்குப் போகும். எங்கள் கோயிலிலும் திரிகால மணி அடிக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கிறபோது அந்த மணிக்காக யார் வந்து கரண்டியை வாங்கிக்கொள்கிறார்கள்?

இந்த இரண்டாவது அறிவுரையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வேலையே செபமென்றால் வேலை குறைய வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. எவ்வளவு அதிகம் உழைக்கிறாளோ அவ்வளவு பக்தி உள்ளவள்! ஆண்களிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மார்த்தா, மரியா கதையைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, வேலையிலேயே மூழ்கிக் கிடக்கிறீர்கள் என்று பெண்களைக் கண்டிப்பார்கள். பூசை முடிந்ததும் அதே பெண்கள்தான் விருந்தினருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவராவது எழுந்து மார்த்தாவுக்குக் கை கொடுத்திருக்கலாமே என்று நான் கேட்ட பிரசங்கம் எதுவும் கேட்டதில்லை. யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் அதே மார்த்தா, இயேசுவை மெசியா என்றும் இறைமகன் என்றும் அறிக்கையிடுகிறாள். பேதுரு செய்த அறிக்கைக்குக் குறைந்ததல்ல அது. பேதுருவின் நாவை நினைவில் வைத்திருக்கும் நாம் மார்த்தாவின் கைகளை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது ஓய்வுநாள் கட்டளைதான். விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏழாம் நாளில் வேலை செய்யக் கூடாதவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது: நீ, மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், கால்நடை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன். மாடு வரைக்கும் இருக்கிறது. மனைவி இல்லை. 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்று அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். இருக்கலாம். எபிரேயத்தில் அந்த 'நீ' ஆண்பாலில் இருப்பது வேறு விஷயம். அது என்ன பொருளில் எழுதப்பட்டிருந்தாலும் நடைமுறையில் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதை எங்கள் தெருவில் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். பூசை முடிந்து வந்த ஆண்கள் நிழலில் சாய்ந்திருப்பார்கள். வீட்டுக்குள் கறி வெந்துகொண்டிருக்கும், மசாலா அரைபட்டுக்கொண்டிருக்கும், வாரத்து அழுக்குத் துணி மொத்தமும் ஊறிக்கொண்டிருக்கும். வாரத்தின் ஏழு நாளில் பெண்ணுக்கு வேலை அதிகமான நாள் ஆண்டவருடைய நாள்தான்.

ஒருவர் தம் விசுவாசத்தை மையத்துக்குக் கொண்டுவரும்போது ஓரத்துக்குப் போகிறவர் யார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு ஓரியூரில் வந்தது. புனித ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரி. அவள் முறையிட்டதால் வந்தது வினை என்று கதை போகும். திருவிழாவில் இதைக் கேட்கும்போதெல்லாம் அவள் வில்லியாகவே வருவாள். ஒரு ஆணின் மனமாற்றத்துக்கு விலையாக வீட்டை இழந்தவள் என்று அவளை யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. அருளானந்தரின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்களும் அதே செம்மண்ணில்தான் நின்றார்கள் என்கிறேன்.

சரி, பெண்களின் நாளுக்குள் ஓய்வு எப்படி நுழையும்? இதற்குப் பதில் எனக்குத் தியான மண்டபத்தில் கிடைக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களிடம் கிடைத்தது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, இடுப்பில் பையோடு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறிக்கிறவர்கள். எல்லா மதத்தாரும் உண்டு. மாதத்தில் 12 நாள் மட்டும்தான் பாசி எடுப்பது, பாறையை இரும்பால் சுரண்டுவதில்லை என்று அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015இல் சின்னப்பாலத்து லட்சுமி சீக்காலஜி விருது வாங்கியபோதுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. பாசி மறுபடி வளர வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அது ஓய்வுநாள் சட்டமாகவே தெரிந்தது. ஒருத்தி மட்டும் கடலுக்குப் போகாமல் இருந்தால் அது அவளுக்கு நட்டம். யாருமே போகவில்லை என்றால் யாருக்கும் நட்டமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்பதும் இப்படித்தான். ஒரே ஒரு படகிடம், நீ உன் மனவுறுதியால் கரையில் நில் என்று யாரும் தியானம் கொடுப்பதில்லை.

மையத்தை ஒவ்வொரு பெண்ணும் தனியாக, தன் தூக்கத்தை வெட்டி உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும்போது நாம் கட்டளையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். மோசே கொண்டுவந்தது ஊர் முழுவதுக்குமான சட்டம், தனிமனிதப் பழக்கம் அல்ல. இணைச்சட்ட நூல் அதற்குச் சொல்லும் காரணம், எகிப்தில் நீங்களும் அடிமைகளாக இருந்தீர்கள் என்பது. அடிமை வேலையின் நினைவிலிருந்து பிறந்த நாளை அடுப்படிக்குள் வரவிடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறோம்.

எங்கள் அன்பியக் கூட்டத்தில் இதை ஒரு யோசனையாகச் சொன்னேன்: ஞாயிறு மதியம் பெண்கள் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். சனிக்கிழமை மீன் குழம்பு ஞாயிற்றுக்கிழமைதான் ருசி என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். சோறு மட்டும் ஆண்கள் வடிக்கட்டும். கறி இல்லாமல் ஞாயிறா என்று ஒருவர் உண்மையாகவே அதிர்ந்தார். மீன் விற்கும் அக்கா ஒருவர், ஞாயிறுதான் எனக்கு வியாபாரம், எனக்கு எந்த நாளைக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். அவருக்குச் சொல்ல இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. முதலில் நாலு வீடு சேர்ந்தது. தடைக்காலத்தில் இன்னும் சில வீடு சேர்ந்தது. அப்போது கறி வாங்கக் காசில்லை என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

என் வீட்டில் முதல் ஞாயிறு சோறு குழைந்துபோனது. சாப்பிட்டோம். கஷ்டப்பட்டவர் என் மாமியார்தான். நாற்பது வருடமாக அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. திண்ணையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு உள்ளே போய் அரிசி புடைக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் முருங்கைக்கீரை உருவினார். அதற்கடுத்த வாரங்களில் கையில் செபமாலை இருந்தது, ஆனால் கண் அடுப்படியில் இருந்தது. ஆறாவது ஞாயிறோ ஏழாவது ஞாயிறோ, செபமாலையை மடியில் வைத்துவிட்டுத் திடீரென்று கேட்டார்: "ஏம்மா, கானாவூர் கல்யாணத்துல ரசம் தீர்ந்துபோச்சுன்னு மாதாவுக்கு மட்டும் எப்படி முதல்ல தெரிஞ்சது? பந்தியில உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்காதுல்ல?"

அன்று நாங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மணி மூன்றானது தெரியவில்லை.