நினிவேயும் அமேசன் காடும்



இன்னும் நாற்பது நாளில் நினிவே அழியும் என்று யோனா கூவிச் சென்றார். ஆனால் நினிவே அழியவில்லை. அரசன் முதல் ஏழைவரை சாக்குடை உடுத்தித் தவஞ் செய்தார்கள், இறைவன் மனமிரங்கினார். தாம் சொன்னது பலிக்கவில்லையே என்று யோனா கோபங்கொண்டார். பலிக்காமற் போவதற்காகவே அந்தச் சொல் தமக்குத் தரப்பட்டது என்பதை அவர் உணரவில்லை.

எமது காலத்து விஞ்ஞானிகளும் இத்தகைய எச்சரிக்கை ஒன்றை விடுத்தனர். 2006ஆம் ஆண்டில் பிறேசில் ஆய்வாளர் சொவாரெஸ் ஃபில்யோவும் அவருடன் உழைத்தோரும் அமேசன் காட்டின் எதிர்காலத்தைக் கணனியில் கணித்தார்கள். நிலைமை இப்படியே நீடித்தால் 53 இலட்சம் சதுர கிலோமீற்றர் காடு 2050இல் 32 இலட்சமாகக் குறுகும். சட்டமும் காவலும் ஒழுங்காக நடந்தால் 45 இலட்சம் தப்பும் என்று கண்டார்கள்.

காடு எவ்வாறு அழிகிறது? முதலில் வீதி போடுகிறார்கள். வீதிவழியே மரம் அரிவோர் வருகிறார்கள். பின்னர் தீ மூட்டி, மாட்டுப்பண்ணையும் சோயாப் பயிரும் அமைக்கிறார்கள். மரங்கள் வேரால் உறிஞ்சி இலையால் விடும் நீராவியே அங்கு மீண்டும் மழையாகப் பொழிகிறது. ஆதலால் ஒருவன் வெட்டும் மரத்தால் அயலவனின் மழையும் குறைகிறது.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை இச்சித்த ஆகாபு அரசனின் பேராசை இன்றும் சாகவில்லை. காட்டையும் ஏழைக் குடியானவரின் நிலத்தையும் காக்க உழைத்த அருட்சகோதரி டொறத்தி ஸ்ராங், 2005 பெப்ரவரி 12இல், தமது 73ஆம் வயதில், பிறேசிலின் அனாப்பு என்னும் இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆயினும் மனந்திரும்புதல் வீண்போவதில்லை. பிறேசில் அமேசனில் 2004இல் 27,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் காடு அழிந்தது. செய்மதிக் கண்காணிப்பும் தண்டனையும் கடுமையாகவே, 2012இல் அது 5,000க்கும் கீழே இறங்கியது. பின்னர் காவல் தளர அழிவு மீண்டும் ஏறியது; 2023இலும் 2024இலும் மறுபடி குறைந்தது. நினிவேயும் ஒருமுறை மனந்திரும்பிப் பிற்காலத்தில் வீழ்ந்த நகரமே. ஒருநாள் தவம் என்றைக்கும் போதாது.

அன்பான பெற்றோரே, ஆதிமனிதனுக்கு இறைவன் தோட்டத்தைக் கொடுத்தது பண்படுத்தவும் பாதுகாக்கவுமே. எமது வளவிலே நிற்கும் ஒரு மரத்தைத் தறிக்குமுன், அதன் நிழலும் நீரும் யார் யாருக்கு உரியவை என்று பிள்ளைகளோடு சேர்ந்து சிந்தியுங்கள். எச்சரிக்கையைக் கேட்டுத் திருந்தும் நெஞ்சை ஆண்டவர் எமக்கு அருள்வாராக.