உலோக எறும்பும் உயிரிரக்கமும்

சிற்பம் பயில்வோர் உலோகத்தில் முதன்முதல் செய்து பார்க்க விரும்பும் உருவங்களுள் பூச்சிகளும் அடங்கும். எறும்பு, வண்டு ஆகியவற்றின் உடல் கவசம் பூண்டது போல் அமைந்திருப்பதால் தகடும் கம்பியும் அவற்றிற்கு நன்கு பொருந்துகின்றன. சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் நிலம் நோக்கி நடக்கக் கற்பிக்கும் நம் நெறியில் வந்த பிள்ளைகள், அவ்வுயிரின் உருவை நெருப்பிலும் உலோகத்திலும் ஆக்கலாமா? ஆக்கலாமெனின் எவ்வாறு? இது சிந்திக்கத்தக்க வினா.

யசோதர காவியத்தை நினைவுகூர்வோம். உயிருள்ள கோழியைப் பலியிட மறுத்த மன்னன், தாயின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். உண்மைக் கோழி எதுவும் அங்கே வெட்டப்படவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தது. அவ்வெண்ணமே தீவினையாகித் தாயும் மகனும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். உருவத்தின்மீது செல்லும் எண்ணமும் வினையாகும் என்பது இதனால் விளங்கும். அங்ஙனமாயின், ஓர் உருவத்தைப் பரிவோடு உற்றுநோக்கிச் செய்வது நல்வினைக்கு வித்தாதலும் கூடுமன்றோ?

எறும்பைச் செய்ய முற்படுபவர் முதலில் அதனைப் பார்க்க வேண்டும். தலை, மார்பு, வயிறு என அதன் உடல் மூன்று பகுதியாக உள்ளது. ஆறு கால்களும் மார்பிலிருந்தே புறப்படுகின்றன. உணர்கொம்புகள் முழங்கை போல் மடங்கியுள்ளன. இவற்றை அறிய எறும்பைப் பிடிக்க வேண்டா. சிறிது சர்க்கரையை இட்டு, அருகே பொறுமையாக அமர்ந்தால் போதும். கவனமின்மையால் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. ஆதலின் கவனத்தை வளர்க்கும் எத்தொழிலும் அஹிம்சைக்குப் பயிற்சியாகும்.

ஆனால் செய்யும் முறையும் தூயதாதல் வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரில் வாழ்ந்த வென்ட்செல் யாம்னிட்சர் என்னும் பொற்கொல்லர், பூச்சி, பல்லி ஆகியவற்றின் உடல்களையே அச்சாகக் கொண்டு வெள்ளியில் வார்த்தார். இன்றும் சிலர் பூச்சியை அச்சினுள் வைத்து எரித்து, அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகின்றனர். இதற்காக ஒரு பூச்சியைக் கொல்வது சங்கல்ப ஹிம்சை, இல்லறத்தார்க்கும் விலக்கப்பட்டது. தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் உத்யோக ஹிம்சையோடு இதனைச் சேர்த்தெண்ணலாகாது.

ஜப்பானியரிடம் வேறு வழியைக் காண்கிறோம். போர்க் கவசம் செய்துவந்த மியோச்சின் மரபினர், எடோ காலத்தின் (1603–1868) நீண்ட அமைதியில், இரும்புத் தகடுகளை இணைத்துக் கால்கள் அசையும் பூச்சி உருவங்களைச் செய்தனர். பூச்சியின் உடலை அச்சாக்காமல், கண்ணால் கண்டதைக் கையால் ஆக்கினர். போருக்குப் பயன்பட்ட கைத்திறன் சிற்றுயிரை உற்றுநோக்கும் திறனாக மாறியது.

மெழுகு வார்ப்பில் இன்னுமொரு தடை உண்டு. நம் நாட்டுச் சிற்பிகள் தேன்மெழுகுடன் குங்கிலியம் சேர்த்து உருச்செய்வது வழக்கம். தேனை விலக்கும் நாம் தேனடையின் மெழுகை மட்டும் ஏற்பது எங்ஙனம்? “ஜினாலயத்துச் செப்புத் திருமேனிகளும் மெழுகில் உருவானவைதாமே?” என்று சிலர் கேட்பர். அந்நாளில் வேறு மெழுகு அரிது. இன்றோ பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின் மெழுகு எளிதில் கிடைக்கிறது. மாற்று வழி கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது பழைய வழக்கத்தைக் காரணமாகக் காட்டுதல் கவனமின்மையேயாம்.

முதன்முதல் செய்வோர்க்கு வார்ப்பே வேண்டா. பழைய கம்பியும் தகடும் போதும். நெருப்பு வேலையைப் பகலிலேயே முடித்தல் நலம். இரவில் சுடரை நாடி விட்டில்கள் வந்து விழும். இரவுணவை விலக்கிய முன்னோரின் அறிவு பட்டறைக்கும் பொருந்தும்.

உருவம் அழகாக அமைந்ததா என்பதைக் கலை ஆசிரியர் கூறட்டும். செய்த பிள்ளை மறுநாள் வாயிற்படியில் எறும்பு வரிசையைக் கண்டு காலை விலக்கி வைக்கிறதா என்பதைப் பெற்றோர் கவனிக்கட்டும். அவ்வாறு விலக்கி வைக்குமாயின், அச்சிற்பம் நன்கு அமைந்தது எனக் கொள்ளலாம்.

எல்லா உயிரும் இன்புறுக!