பகைப் பூனைக்கும் அதே பச்சிலை

எரின் ஹண்டர் என்று தனியாக ஓர் எழுத்தாளர் கிடையாது. கேட் கேரி, செரித் பால்ட்ரி, விக்டோரியா ஹோம்ஸ் என்று பலர் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர் அது. 2003இல் தொடங்கிய அவர்களுடைய ‘வாரியர்ஸ்’ வரிசையில் காட்டுப் பூனைகளுக்கு நான்கு குலங்கள். இடிக்குலம், நிழற்குலம், நதிக்குலம், காற்றுக்குலம் என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். எல்லைத் தகராறு, துரோகம், தலைமைப் போட்டி எல்லாம் உண்டு. என் மகள் பத்து வயதில் இதைப் பிடித்துக்கொண்டாள். அவள் கீழே வைத்த புத்தகங்களை நான் எடுத்துப் படித்தேன். சண்டைகள் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டன. அலுக்காதது, ஒவ்வொரு குலத்திலும் பச்சிலைகளை உலர்த்திக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவப் பூனை.

அதன் சரக்கறை சுவாரசியமானது. ரத்தம் நிற்கச் சிலந்தி வலை. காயம் சீழ் பிடிக்காமல் இருக்கச் சாமந்தி இனத்து மேரிகோல்ட். வலிக்கும் தூக்கத்துக்கும் கசகசா விதை. வயிற்றுவலிக்கு ஜூனிபர் பழம். பனிக்காலத்தில் வரும் கொடிய இருமலுக்குக் கேட்மின்ட். உண்ணி போக எலிப் பித்தம், அதன் நாற்றத்தைப் பற்றிய புலம்பலோடு. பெரும்பாலும் ஐரோப்பிய நாட்டு வைத்தியத்திலிருந்து எடுத்தவைதான். (இதைப் படித்துவிட்டு வீட்டுப் பூனைக்கு யாரும் மருந்து அரைக்க வேண்டாம். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.)

மிருகங்கள் மருந்து தேடுவது கற்பனை இல்லை. தான்சானியாவின் மஹாலேயில் நோயுற்ற சிம்பன்சி ஒன்று கசப்பான வெர்னோனியாத் தண்டைச் சப்பியதை மைக்கேல் ஹஃப்மேன் 1987இல் கவனித்தார். சுமாத்ராவில் ராக்கஸ் என்ற ஒராங்குட்டான் 2022இல் ஒரு கொடியின் இலையை மென்று தன் கன்னத்துக் காயத்தில் அப்பிக்கொண்டது. பூனைகள் கேட்மின்டில் புரள்வது வெறும் போதை இல்லை, அது கொசுவையும் விரட்டுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஏன் பெயர் வந்தது? ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பூனை முன்னால் போட்டுப் பாருங்கள், தெரியும்.

ஆனால் இவையெல்லாம் தனக்குத் தானே செய்துகொள்வது. காபோன் நாட்டு லோவாங்கோவில் ஒரு தாய்ச் சிம்பன்சி ஒரு பூச்சியைப் பிடித்துத் தன் மகனின் காயத்தில் வைத்தது செய்தியாகப் பேசப்பட்டதற்குக் காரணமே, அது அவ்வளவு அபூர்வம் என்பதுதான். தன் காயத்தை நக்குவது இயற்கை. இன்னொருவருக்கு வரப்போகும் காய்ச்சலை நினைத்து இன்றைக்கே இலை பறித்துக் காயவைப்பது வேறு விஷயம். அந்த எழுத்தாளர்கள் பூனைகளுக்குக் கற்பித்துக் கொடுத்த பெரிய பொய் மூலிகை அறிவு இல்லை, இந்தச் சேமிப்புதான். சேமித்த உடனே கேள்வி வந்துவிடுகிறது: அந்த ‘இன்னொருவர்’ யார்?

நான்காவது புத்தகத்தில் நிழற்குலத்தில் கொள்ளைநோய். குப்பைமேட்டு எலிகளிடமிருந்து வந்தது. லிட்டில்க்ளௌட், வைட்த்ரோட் என்ற இரண்டு பூனைகள் எல்லை தாண்டி இடிக்குலத்திடம் உதவி கேட்டு வருகின்றன. தலைவி ப்ளூஸ்டார் விரட்டச் சொல்கிறாள். இளம் மருத்துவப் பூனை சிண்டர்பெல்ட் கேட்கவில்லை. முகாமுக்கு வெளியே அவற்றை ஒளித்துவைத்து மருந்து கொடுக்கிறாள். இரண்டும் தேறுகின்றன.

“ப்ளூஸ்டார் ரொம்ப மோசம்ப்பா” என்றாள் மகள். எனக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. தொற்றுநோய்க் காலத்தில் கதவை மூடியவர்கள் எல்லோரும் கொடியவர்கள் இல்லை என்பதை 2020இல் நாமும் பார்த்தோம். ஒரு முகாமில் கிழடுகளும் பால்குடிக் குட்டிகளும் இருக்கும்போது, தலைமைக்கு எண்ணிக்கைதான் கண்ணில் படும். சிண்டர்பெல்ட் பணயம் வைத்தது தன் உயிரை மட்டும் என்றால் பாராட்டுவது சுலபம். அவள் கேட்காமலே மற்றவர்களின் உயிரையும் வைத்தாள்.

அப்படியிருந்தும் நான் அவள் பக்கம்தான். காரணம் இரக்கம் என்று சொல்ல மாட்டேன். இரக்கம் முகம் பார்த்து மாறும். அவர்கள் உலகத்தில் மருத்துவப் பூனைகளுக்குக் குலப்பகை கிடையாது, அரைநிலா நாளில் நான்கு குலத்து வைத்தியர்களும் ஒன்றாகப் போவார்கள் என்று ஒரு விதி இருக்கிறது. ஜோடி சேரக் கூடாது, குட்டி போடக் கூடாது என்றும் விதி. குலம் தன் வைத்தியரை உறவிலிருந்தும் பகையிலிருந்தும் பாதி விலக்கித்தான் வைக்கிறது. அப்படி விலக்கி வைத்துவிட்டு, நெருக்கடி வந்ததும் “நீ நம்ம ஆளு, அவனுக்குக் கொடுக்காதே” என்பது எப்படி நியாயம்? விரட்டுவது தலைவியின் வேலையாக இருக்கலாம். வைத்தியரையும் விரட்டச் சொன்னால் பிறகு அந்த ஊரில் வைத்தியர் இல்லை, இலை வைத்திருக்கும் இன்னொரு போர்வீரர்தான் இருக்கிறார்.

என்னை அதிகம் உலுக்கியது இதற்கு முந்தைய புத்தகம். சிண்டர்பெல்ட்டின் குரு யெல்லோஃபேங். நிழற்குலத்திலிருந்து துரத்தப்பட்டு இடிக்குலத்தில் வைத்தியம் பார்க்கும் கிழவி. ப்ரோக்கன்டெயில் அவள் விதியை மீறிப் பெற்ற மகன். அவன் தலைவனாக இருந்தபோது பருவம் வராத குட்டிகளைச் சண்டைக்கு அனுப்பியவன். தன் தகப்பனையே கொன்றவன். கண்ணிழந்து கைதியான பிறகும் இடிக்குலத்துக்கு எதிராகச் சதி செய்கிறான். காயத்தோடு கிடக்கும் அவனுக்கு யெல்லோஃபேங் சாவுப் பழங்களைக் கொடுக்கிறாள். தின்கிறான். தான் அவன் தாய் என்று சொல்லி, சாவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள்.

“அது கொலையா, தண்டனையா?” என்று மகள் கேட்டாள். அந்த வயதில் அவளுக்கு இரண்டு பெட்டிதான். தாயாக அவள் செய்ததை எடைபோட எனக்குத் தகுதியில்லை. அவனை நகத்தால் கொன்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். என் தகராறு அந்தப் பழத்தோடு. காயம்பட்டவன் வைத்தியர் கையிலிருந்து வாங்கித் தின்றது அது. கேட்டாலும் யாருக்கும் கொல்லும் மருந்து தரமாட்டேன் என்று ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் பழைய உறுதிமொழி சொல்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொல்வது தவறு என்று சொல்ல வைத்தியருக்குத் தனி உறுதிமொழி தேவையில்லை; அது எல்லோருக்கும் பொது. வைத்தியர் நீட்டும் கை சந்தேகத்துக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் தனியாக ஒன்று வேண்டியிருக்கிறது. ஒரு அயோக்கியனுக்கு விஷம் நீட்டிய கை, நாளைக்கு ஒரு நல்லவனுக்கு நீட்டும்போது அவனும் ஒரு கணம் யோசிப்பான்.

சரி, விஷ அறிவே வேண்டாம் என்று விட முடியுமா என்றால், முடியாது. குட்டிகளை அந்தச் சிவப்புப் பழத்திலிருந்து காப்பாற்ற யாராவது அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பழம் யூ மரத்துடையது. நிஜத்திலும் அதன் சிவப்புச் சதையைத் தவிர விதை, இலை, பட்டை எல்லாம் நஞ்சு. அதே இனத்தைச் சேர்ந்த பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் மன்றோ வாலும் மன்சுக் வானியும் டாக்ஸாலைப் பிரித்தெடுத்து 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். 1992இல் கருப்பைப் பக்கத்துச் சூலகப் புற்றுக்கு அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்து சொட்டுச் சொட்டாக ஏறுவதை நெருங்கிய உறவினர் ஒருவரின் கட்டிலருகே உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். முடி கொட்டியது, விரல் நுனி மரத்தது. “இது மருந்தாடா, விஷமாடா?” என்று அவர் கேட்டார். ஊசி போட வந்த நர்ஸம்மா சிரித்துக்கொண்டே, “ரெண்டும்தாம்மா, அளவு எங்க கையில இருக்கு” என்றார். அவர் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார்.

சிண்டர்பெல்ட் கற்றது யெல்லோஃபேங்கிடம். ஒரே குகை, ஒரே இலைக் குவியல். தேறிய லிட்டில்க்ளௌட் அவள் சொல்லிக்கொடுத்த மருந்தோடு நிழற்குலத்துக்குத் திரும்பிப் போகிறான். பின்னால் அந்தக் குலத்துக்கு அவன்தான் மருத்துவப் பூனை. கிழவியைத் துரத்திய அதே முகாமில், அவளுடைய வைத்தியம் அவன் வழியாகப் போய்ச் சேர்கிறது.