யார் வாயில் விதி

பண்டமாரானில் சாவு வீடுகளுக்குச் சிவபுராணம் பாடப் போகிறவன் நான். 'விதி' என்ற சொல் அங்கே காது புளிக்கக் கேட்டது. அதைக் கேட்டுக் கூசியது ஒரே ஒரு முறை. இயந்திரத்தில் சிக்கி இறந்த பையனின் வீடு அது. கேனபிக்குக் கீழே மலர் வளையம்; பையன் பெயரைவிடக் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில். மேலாளர், நம்ம ஆள்தான், அம்மாவிடம் உறையை நீட்டி, "எல்லாம் விதிம்மா" என்றார். இயந்திரத்தின் காப்பு மூடி கழன்று மூன்று வாரம் என்று கூட்டாளிகள் வாசலில் முணுமுணுத்தார்கள். எனக்குப் பாட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

விதி என்று விட்டுவிடாத இடமும் உண்டு. உலு கிளாங்கில் 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸின் 12 மாடி புளோக் ஒன்று சாய்ந்து 48 பேர் போனார்கள். நாள்கணக்கில் மழை, அது உண்மைதான். ஆனால் 2000இல் உயர் நீதிமன்றம் மழையோடு விடவில்லை. திருப்பிவிட்ட ஓடை, கவனிப்பாரற்ற வடிகால், தரமில்லாத தடுப்புச் சுவர் என்று தோண்டி, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு பொறுப்பு என்றது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டிக் கழகத்தை விடுவித்தது. சட்டம் காப்பாற்றலாம். வினை காப்பாற்றுமா? சைவ சித்தாந்தம் படித்தவரைக் கேளுங்கள், செய்தவனைத் தேடி வருவதுதான் வினை. செத்தவன் தலையில் கட்ட அது மூட்டை இல்லை.

ஊழை நம்பும் காப்பியம் சிலப்பதிகாரம். கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கம் தெறித்தபோது, பாண்டியன் அந்த ஊழையே சாக்காகச் சொல்லியிருக்கலாம். கேட்கிறவர்களும் தலையாட்டியிருப்பார்கள். அவன் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுக் கோவலனைக் கொன்ற குற்றம் தன்னுடையது என்று ஒப்பி, அங்கேயே விழுந்து உயிரை விட்டான். கோவலனின் முற்பிறவிக் கதை வருகிறது, ஆனால் பிறகு. அதைச் சொல்வது மதுராபதித் தெய்வம், கேட்பது கண்ணகி. இளங்கோ அதை அரசன் வாயில் வைக்கவில்லை. இத்தனை வருடம் படித்தும் இது என் கண்ணில் பட்டது அந்த மலர் வளையத்துக்குப் பிறகுதான்.

பதினாறாம் நாள் அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். சொக்சோ இழப்பீட்டுப் பாரங்களை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா, "எம்புள்ளைக்கு விதி அவ்வளவுதான் சாமி" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "அந்த மூடிய மாட்டிட்டாங்களா?"